ஆட்டு நுரையீரல் பாடம்

போன வாரம் என் மனைவியை மில்லிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இருமலை எத்தனை நாள்தான் முந்தானைக்குள் ஒளிக்க முடியும்? ஆகவே இதை இப்போது எழுதலாம்...

துடியலூர்ப் பக்கம் எனக்கு ஒரு சின்ன சைக்கிள் கடை. தை மாதத்தில் ஒருநாள், ஏழாவது படிக்கும் என் மகள் கடைக்கு வந்து காற்றடிக்கும் பம்பைக் கேட்டாள். சயின்ஸ் டீச்சர் கொண்டுவரச் சொன்னாராம்.

மாலையில் பம்ப் திரும்பி வந்தது. கூடவே கதையும் வந்தது. டீச்சர் முதலில் போர்டில் படம் போட்டாராம். பிறகு கறிக்கடையில் வாங்கிய ஆட்டு நுரையீரலை மேஜைமேல் வைத்துப் பம்பால் காற்றடிக்க, அது பூரி மாதிரி உப்பியதாம். பாதிப் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓட, இவள் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு மூலை மட்டும் எழும்பவில்லை — ஏன் என்று கேட்டிருக்கிறாள். அந்த இடம் கெட்டுப்போயிருக்கும், காற்றுப் போகாது என்றாராம் டீச்சர். கடைசியில் ஒரு வீட்டுப்பாடம்: வீட்டில் ஒவ்வொருவர் முதுகிலும் காதை வைத்து மூச்சைக் கேட்டு வந்து, வகுப்பில் சொல்ல வேண்டும்.

நான் அஞ்சாவதோடு நின்றவன். எங்களுக்கு நுரையீரல் என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய நாலு வரி. இப்படிச் சொல்லிக்கொடுத்தால் யாருக்குத்தான் புரியாது?

என் முதுகில் காதை வைத்துச் சிரித்தாள். பிறகு அம்மாவிடம் போனாள்.

மனைவிக்கு மில்லில் பஞ்சு கலக்கும் இடத்தில் வேலை. குடியிருப்பதும் மில் ஆட்கள் வரிசையாக இருக்கும் லைன் வீடுகளில் ஒன்றில்தான். லீவு முடிந்து போகிற ஒவ்வொரு திங்கட்கிழமையும் நெஞ்சை அடைக்கிறது என்பாள். பஞ்சுத் தூசிதானே, வெந்நீர் குடித்தால் சரியாகிவிடும் என்று இருந்தோம்.

மகள் இடம் மாற்றி மாற்றிக் காதை வைத்தாள்.

"ஏனுங்கம்மா... கீழ்ப்பக்கம் காத்தே போகலீங்களே."

மனைவி சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "இதையக் கொண்டுபோயிப் பள்ளிக்கூடத்துல சொல்லிப்போடாத, கண்ணு. மில்லுக்குத் தெரிஞ்சா நிறுத்திப்போடுவாங்க."

மறுநாள் வகுப்பில், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் கேட்டது என்று சொல்லியிருக்கிறாள்.

அந்த வாரமே டீச்சர் பள்ளிக்கூட வாசலில் என்னைப் பார்த்துவிட்டார். கோவை டவுனில் ஆர்.எஸ்.புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், நல்லவர். படித்தவர்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அவரே பேசினார்.

"உங்க பொண்ணு கெட்டிக்காரிதானுங்க. ஆனா அவ மட்டுமில்ல, உங்க மில் லைன் வீட்டுப் பிள்ளைக அத்தனையும் ஒரே பதிலைச் சொல்லுதுங்க... எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் கேட்டுதுன்னு. ஒருத்தியப் பாத்து ஒருத்தி சொல்லிப்போட்டாங்க. யாருமே காதை வெச்சுக் கேக்கவே இல்லீங்க."

அத்தனை பிள்ளைகளுமா?

அத்தனை வீட்டிலும் அன்று யாரோ ஒருவர், சொல்லிப்போடாத கண்ணு என்று கெஞ்சியிருக்கிறார்.

டீச்சர் என் பதிலுக்குக் காத்திருந்தார்.

"இனிமே நல்லாக் கேக்கச் சொல்றேனுங்க" என்றேன்.