கதை சிஸ்டர் இரவல் கொடுத்த நாவல்

எங்கள் டயாலிசிஸ் வார்டில் அவளுக்குக் கதை சிஸ்டர் என்று பெயர். உண்மையில் அவள் நர்ஸ் இல்லை, என்னைப் போல மெஷின் டெக்னீஷியன். ஊசி குத்தி, குழாய் மாட்டி, எல்லாருடைய ரத்தமும் மெஷினுக்குள் ஒழுங்காக ஓட ஆரம்பித்த பிறகு, நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நாவல் வாசிப்பாள். கையை அசைக்காமல் படுத்திருப்பவர்களுக்கு எழுந்து ஓட வழியில்லை, கேட்டுத்தான் ஆக வேண்டும். இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. எனக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே கொட்டாவி வரும்.

பெண்கள் எழுதியதை மட்டும்தான் வாசிப்பாள். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் சண்டைக்கு வந்தார்.

"நான் படிச்ச வரைக்கும் ஆம்பளைங்க கதையில பொம்பளை ஒண்ணு அழகா இருப்பா, இல்லேன்னா செத்துப்போவா. இங்க படுத்திருக்கறவங்களுக்கு ரெண்டும் ஒத்து வராது மாமா," என்றாள்.

பிறகு டிரைவரே தன் மகளிடம் சொல்லி அவளுக்கு இரண்டு நாவல் வாங்கிக் கொடுத்தார். மருந்துக்கடைப் பெண், லிஃப்ட்காரர், ஸ்கேன் எடுப்பவர் என்று ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் கையில் அவள் திணித்த புத்தகம் இருக்கும். என்னிடம் மட்டும் அவள் பருப்பு வேகவில்லை.

ஆனால் சிகிச்சைக்கு வருகிறவர்களிடம், வாசித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைக் கொடுக்கவே மாட்டாள். கதையை எப்போதும் ஆபத்தான இடத்தில் நிறுத்துவாள். மேலே தெரிய வேண்டுமா, அடுத்த முறை வந்து படு. வாரம் மூன்று முறை வந்து வந்து அலுத்துப்போனவர்கள் எங்களிடம் நிறைய. வராமல் விட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், சில நாளில் இதயமே நின்றுபோகலாம். இது அவர்களுக்கும் தெரியும், தெரிந்தேதான் விடுவார்கள்.

அப்படி விடத் துடித்தவர் கடைக்காரம்மா. கணவர் போன பிறகு மளிகைக்கடையைத் தனியாளாக நடத்தியவர். உடம்பு படுத்தியதும் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, எங்கள் சாய்வு நாற்காலியில் படுத்து கூரையைப் பார்ப்பார். "போதும் சிஸ்டர். இன்னும் இழுத்துக்கிட்டு என்ன ஆகப்போகுது?" என்பதுதான் அவர் வணக்கம்.

கதை சிஸ்டர் ஒரு புது நாவல் ஆரம்பித்ததும் ஆள் மாறினார். சொந்தமாகச் சாப்பாட்டுக்கடை நடத்தும் ஒருத்தியின் கதை அது. அண்ணன் கூடவே இருந்து கடையைப் பிடுங்கப் பார்க்கிறான். "அந்தப் பயலை உள்ளயே விட்டிருக்கக் கூடாது," என்று கடைக்காரம்மா படுத்தபடியே திட்டுவார். ஒரு செவ்வாய்க்கிழமை, ஊசியை எடுக்கும்போது கேட்டார்.

"கண்ணாடி மாத்தியிருக்கேன். அந்தப் புத்தகத்தைக் குடும்மா, மிச்சத்தை வீட்ல நானே படிக்கறேன்."

கடைக் கணக்கைத் தவிர வேறெதையும் படிக்காத அம்மா கேட்கிறார். கதை சிஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"அக்கா, உன் சட்டம் என்னாச்சு?" என்றேன்.

"படிக்கணும்னு கேக்கறாங்கடி. எப்படி இல்லேன்னு சொல்றது?"

வியாழக்கிழமை கடைக்காரம்மா வரவில்லை. கால் வலி, சனிக்கிழமை வருவார் என்று மகன் சொன்னார். சனிக்கிழமை காலையிலும் நாற்காலி காலியாகக் கிடந்தது. மகனுக்கு மறுபடி போன் போட்டோம்.

"நான் எவ்வளவோ கெஞ்சிட்டேன் சிஸ்டர். போதும்டான்னு திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும், தூக்கிட்டா வர முடியும்?" அவர் குரல் அழுதது.

கதை சிஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. "கதை முடிஞ்சிருச்சு. இனிமே எதுக்கு வருவாங்க? நானே வழி பண்ணிக் குடுத்துட்டேன்," என்றாள்.

டாக்டர் வந்து எட்டிப் பார்த்தார். "அரைமணி நேரம் பாருங்க. அப்புறம் வெளியில காத்திருக்கறவரைப் போட்டுடுங்க." அவரையும் குறை சொல்ல முடியாது.

"நீ அவங்க வீட்டுக்குப் போ அக்கா. நான் பாத்துக்கறேன்."

"ஏழு பேரை நீ ஒருத்தி பாப்பியா? ஒருத்தருக்கு பிரஷர் இறங்கினாப் போதும்."

உண்மைதான். ஏழு பேரின் ரத்தம் மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருத்தியால் வாசலைத் தாண்ட முடியாது. அவள் காலி நாற்காலியின் மெஷினைக் கழுவித் தயாராக வைத்தாள், வாசலைப் பார்த்தாள், மறுபடி மெஷினைப் பார்த்தாள். ஒரு மெஷின் கத்தியது. ஓடிப்போய் அந்த அலாரத்தை நிறுத்தினாள். எனக்கு அவள்மேல் கோபம், அந்த நாவல்மேல் கோபம், முகமே தெரியாத அந்த எழுத்தாளர்மேல் அதைவிடக் கோபம்.

"கதை என்னாச்சு சிஸ்டர்?" என்றார் டிரைவர்.

"புத்தகம் கடைக்காரம்மாகிட்ட இருக்கு மாமா."

"ஆளும் வரலை, புத்தகமும் போச்சா? அப்போ அந்த அண்ணன் கடையைப் பிடுங்கினானா இல்லையா?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அரைமணி முடிந்துவிட்டது. வெளியில் இருப்பவரைக் கூப்பிட நான்தான் போனேன். கதவைத் திறந்தால், எதிரே வார்டு ஆயா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். அதில் கடைக்காரம்மா. முகம் வீங்கி, கால் இரண்டும் தூண்கள் போலாகி, மடியில் புத்தகம்.

"யாருடி இதை எழுதினவ?" என்றார். மூச்சு இரைத்தது. "கடைசில கடையை அண்ணன்கிட்டயே விட்டுட்டுப் போயிட்டா. சண்டைகூடப் போடலை. அவ்வளவு பாடுபட்டுட்டு எவளாவது அப்படி விடுவாளா?"

"ஐயையோ, முடிவைச் சொல்லிட்டாங்களே!" என்று டிரைவர் அலறினார்.

"பேசாதீங்கம்மா, மூச்சு வாங்குது," என்று கதை சிஸ்டர் ஓடினாள். நான் ஆக்ஸிஜனை மாட்டினேன்.

அவர் முகமூடியை விலக்கினார். "பேசுவேன். வீட்ல யார்கிட்டப் பேசறது? ஒருத்தரும் படிக்கலை. ரெண்டு நாளா வயிறெரியுது. திரும்பிப் படுத்தாலும் அவதான் கண்ணுல நிக்கறா."

கதை சிஸ்டர் அவரை நாற்காலிக்கு மாற்றி, ஊசியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். "அவளை இவ்வளவு திட்டறீங்களே. நீங்களும் விட்டுட்டுப் போகத்தானேம்மா பாத்தீங்க?" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

கடைக்காரம்மா அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டினார்.

"குத்தும்மா," என்றார். "அடுத்த புத்தகம் யாருது? இவளா இருந்தா எனக்கு வேணாம்."