கையெழுத்துக்கு மேலே ஒரு கோடு

பகல் பதினொன்றரைக்கு மாரக்காளுக்கு ஒரு போன் வரும். மருமகள் தனப்பிரியா கொல்லைப்புறத்தில் துணி காயப்போடும் நேரம் அது. அவள் வெறும் வாளியோடு உள்ளே நுழைந்தால் மாரக்காள், "செரி சாமி, வெச்சர்றேன்" என்று சொல்லி, போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவாள்.

"யாருங்க அத்தே?"

"அகல்யா."

அகல்யா மாரக்காளின் மகள். ஈரோட்டில் பள்ளிக்கூட டீச்சர். பதினொன்றரைக்கு வகுப்பில் நிற்க வேண்டியவள். தனப்பிரியா மனதில் குறித்துக்கொண்டாள்.

குறித்துக்கொள்வது அவளுக்குத் தொழில். சேந்தமங்கலத்துப் பெண். அப்பா போர்வெல் லாரியில் போய்விடுவார், வருஷத்தில் எட்டு மாதம் வீட்டில் இருக்க மாட்டார். நாமக்கல்லில் ஒரு வருஷம் நர்சிங் அசிஸ்டன்ட் படித்துவிட்டு, சேலத்தில் பத்து வருஷம் வீடு வீடாகப் போய் வயசாளிகளைப் பார்த்துக்கொண்டாள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலை ஒரு நோட்டுப் போடுவது. எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார், எத்தனை தடவை எழுந்தார், முதுகில் எங்கே சிவந்திருக்கிறது. கண்டதை எழுது, நினைத்ததை எழுதாதே என்பது அவள் படித்த பாடம்.

அந்தக் காலத்தில்தான் ஒரு தப்பும் நடந்தது. ஒரு வயசான தம்பதியை அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கூட்டிப்போக அவளை அனுப்ப ஏற்பாடானது. "பெரியவரோட தம்பி மகள்னு சொல்லிப்போடு, உறவுன்னாத்தான் விசா குடுப்பான்" என்றார் அவளை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரர். சென்னை அமெரிக்கத் தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டதும் அப்படியே சொன்னாள். விசா கிடைக்கவில்லை. அவள் மறந்துபோனாள். அவர்கள் மறக்கவில்லை.

முப்பத்தாறாம் வயதில் சபரிநாதனைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கு நாற்பத்து மூன்று, இரண்டாம் கல்யாணம், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவன். முதல் மனைவி ஏன் போனாள் என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்த அன்று மாரக்காள் ஜாதகத்தைவிட அதிக நேரம் நர்சிங் சான்றிதழைப் பார்த்தாள். அதையும் தனப்பிரியா குறித்துக்கொண்டிருந்தாள்.

மனைவி விசாவுக்கு மும்பை போனபோது அதிகாரி பழைய பதிலைத் திரையில் வைத்துக்கொண்டு கேட்டார். இந்தத் தடவை உண்மையைச் சொன்னாள். கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். பொய் சொல்லி விசா கேட்டவள் என்பதால் ஆயுசுக்கும் தடை. தடையை நீக்கச் சொல்லி 'வெய்வர்' என்ற மனுவைப் போடலாம். அந்த மனுவில் அவளுடைய கஷ்டத்துக்கு இடமில்லை. அவள் பக்கத்தில் இல்லாமல் கணவன் அங்கே தாங்க முடியாத அல்லல் படுகிறான் என்று நிரூபிக்க வேண்டும். டாக்டர் கடிதம், நண்பர்கள் கடிதம், பெற்ற தாயின் கடிதம் என்று வக்கீல் கேட்டார். மாரக்காள் தன் கையாலேயே எழுதி, உறையை ஒட்டித்தான் கொடுத்தாள்.

மனு போய் ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதற்குள் மாரக்காள் மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். தகடு வைத்தார்கள். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில், கிழங்குக் காட்டுக்கு நடுவில் இருந்த அந்த வீட்டில் எழுப்பி, குளிப்பாட்டி, வாக்கரில் நடக்கவைக்க தனப்பிரியாவை விட்டால் ஆள் இல்லை.

"ஏம்புள்ள தனம்," என்றாள் பக்கத்துக் காட்டு மயிலம்மாள், "உன்னைய ப்ளேன் ஏத்திவுட்டுப்போட்டு அந்தக் கெழவி யாரப் புடிச்சுட்டு எந்திரிக்கறது? உனக்கு விசா வந்தாத்தான் அதிசயம்."

தனப்பிரியா சிரித்துவைத்தாள்.

போன மாதம் அமெரிக்கக் குடியேற்ற அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தைச் சபரிநாதன் அனுப்பினான். கணவன் படும் கஷ்டத்துக்கு ஆதாரம் போதாது, எண்பத்தேழு நாளில் கூடுதல் ஆதாரம் வேண்டும், இல்லாவிட்டால் மனு தள்ளுபடி. தாயின் கடிதமே வேறு மாதிரி சொல்கிறது என்று அதில் தனியாகக் குறிப்பிட்டிருந்தார்கள். மாமியார் எழுதியதன் நகலும் கூட இருந்தது, அன்றுதான் அவள் அதைப் படித்தாள்.

'என் மகன் சபரிநாதன் நல்ல சுகமாக இருக்கிறான். சொந்த வீடு, கார் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறான். ஒரு குறையும் இல்லை. என் மருமகள் இங்கே என்னை நல்லபடியாகக் கவனிக்கிறாள்.'

உடனே போன் போட்டாள்.

"ஏனுங்க, அத்தை எழுதுனத நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"படிச்சுப்போட்டுமா அனுப்புனீங்க?"

"அம்மா கையால எழுதுனது தனம். மாத்தி எழுதுன்னு எப்படிச் சொல்றது?"

"டாக்டர் லெட்டரு?"

"அது... குடுக்கலை. மீட்டிங்குக்கு நேரமாச்சு, அப்பறம் கூப்பிடறேன்."

கொஞ்ச நாளாகவே அவன் போனில் முகம் காட்டுவதில்லை. கேமரா கெட்டுப்போயிருக்கிறதாம்.

மாமியாரிடம் போய் நின்றாள். "எதுக்குங்க அத்தே இப்படி எழுதுனீங்க?"

"பின்ன? என்ற பையன் அல்லாடறான்னு பெத்தவ எழுதுவாளா? எழுத்துல வெச்சாப் பலிச்சுப்போகும்."

"நான் போயிட்டா உங்களப் பாக்க ஆளில்லைன்னுதான் இப்படி எழுதுனீங்களா?"

"நீ போவியோ இருப்பியோ, அவன் அல்லாடறான்னு நான் எழுத மாட்டேன்." மாரக்காள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வயசாளிகளிடம் 'வலிக்கிறதா' என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். ராத்திரி எத்தனை தடவை புரண்டு படுத்தீர்கள் என்று கேட்டால் கணக்குச் சொல்வார்கள். மறுநாள் மாமியாரின் காலுக்கு எண்ணெய் தேய்த்து முடித்ததும் தனப்பிரியா நோட்டை எடுத்தாள்.

"அவரு கடைசியா ஊருக்கு வந்தப்ப இடுப்பு எத்தனைங்க? பேண்ட்டு வாங்குனீங்களே."

"முப்பத்தாறு. அகல்யா இந்தத் தீவாளிக்கு முப்பத்திரண்டு வாங்கி அனுப்புனா."

"பதினொன்றரைக்கு யாருங்க பேசறது?"

மாரக்காள் தலையணையைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"அவருன்னா, அங்க அப்ப மணி ரெண்டுங்க அத்தே. நடுராத்திரி ரெண்டு."

கிழவி தலையைத் தூக்கினாள். "மத்தியானம் சாப்பாட்டு நேரம்னானே! தெனமும் சாப்பிட்டயா சாமின்னுதான கேக்கறேன்."

"தெனமும் அந்நேரத்துக்கு முழிச்சிருக்காருங்க."

அப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. சர்க்கரைக்கு ஊசி போடுகிறான். இரண்டு தடவை மயங்கி விழுந்தான், ஒரு தடவை சிக்னலில், காருக்குள்ளேயே. டாக்டர் கார் ஓட்டக் கூடாது என்றுவிட்டார். வேலைக்குப் போக அக்கம்பக்கத்தில் ஆரையாவது கெஞ்ச வேண்டியிருக்கிறது.

"உனக்குத் தெரியக் கூடாதுன்னான். ஊசி போட ஆரம்பிச்சப்பத்தான் மொதப் பொண்டாட்டி போனா. நீயும் போயிருவீன்னு பயம், அவனுக்கும் எனக்கும்."

"சக்கரைங்களா? இதுக்கா ஒளிச்சு வெச்சீங்க?" தனப்பிரியாவுக்கு ஆத்திரமாக வந்தது. "அப்பறம் எதுக்குங்க என்ற சர்ட்டிபிகேட்ட அத்தன நேரம் பாத்தீங்க?"

அந்தக் கேள்விக்கு நேராக நோட்டில் இன்றுவரைக்கும் காலியாகத்தான் இருக்கிறது.

அன்று சாயந்திரம் கணவனிடம் ஒரே பேச்சு. "டாக்டர் லெட்டர் இந்த வாரம் வரலீன்னா, உங்கம்மாவையும் வாக்கரையும் அகல்யா ஊட்ல எறக்கிப்போட்டு நான் சேந்தமங்கலம் போயிருவேன்." நான்காம் நாள் வக்கீலுக்கு டாக்டர் கடிதம் போய்ச் சேர்ந்தது.

மாரக்காள் மறுபடி எழுதினாள். கஷ்டம் என்ற சொல்லே அதில் இல்லை. இடுப்பளவு, மயங்கிய தேதிகள், போன் வரும் மணி, அவ்வளவுதான். அதற்குக் கிழவி மறுப்புச் சொல்லவில்லை, நடந்தது நடந்ததுதானே. கையெழுத்துப் போட்டுவிட்டு, "சாமி படத்துக்கிட்ட செத்த நேரம் வெச்சுப்போட்டுத் தாரேன்" என்று உறையை வாங்கிவைத்துக்கொண்டாள்.

திருச்செங்கோட்டில் கூரியர் ஆபீஸ் மேசைமுன் நின்றபோது தனப்பிரியாவுக்கு மனசு கேட்கவில்லை. உறையைப் பிரித்தாள். கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே இரண்டு விரல்கடை இடம் இருந்தது. அதில் புதிதாக, பொடி எழுத்தில்: 'மற்றபடி என் மகனுக்கு ஒரு குறையும் இல்லை.'

அவள் விரல் அந்த வரியிலேயே நிற்பதை மேசையில் இருந்த பையன் எட்டிப் பார்த்தான். "அந்த வரிய அழிச்சிருங்கக்கா. யாரு பாக்கப்போறா?" வொயிட்னரைத் தள்ளினான்.

அவள் எடுத்தும்விட்டாள். அன்றைக்குத் தம்பி மகள் என்று சொல்லச் சொன்ன ஏஜென்சிக்காரரின் குரல் மாதிரியே இருந்தது. வொயிட்னரை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினாள்.

"திரும்ப எழுதுங்க அத்தே."

மாரக்காள் எதற்கு என்று கேட்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே முழுவதையும் பார்த்து எழுதினாள். கையெழுத்துப் போடும்முன் தனப்பிரியா பேனாவை வாங்கி, கடைசி வார்த்தையிலிருந்து கையெழுத்து வர வேண்டிய இடம்வரைக்கும் காலியிடத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். நோயாளி நோட்டில் அப்படித்தான் செய்வார்கள், பின்னால் எவரும் எதையும் சேர்க்கக் கூடாது என்பதற்காக. பத்து வருஷம் செய்ததைப் போன தடவை மறந்திருந்தாள்.

கிழவி கோட்டைப் பார்த்தாள். "என்னைய நம்பலியா?"

"இல்லீங்க அத்தே."

"நானும் உன்னைய நம்பல. அங்க போயிப்போட்டு அவன உட்டுட்டு ஓடுனயின்னு வெய்யி..." மீதியைச் சொல்லாமல் கையெழுத்தைப் போட்டாள்.

இந்தத் தடவை உறை சாமி படத்துக்குப் போகவில்லை, தனப்பிரியாவின் தோள்பையில் போயிற்று. எண்பத்தேழில் இன்னும் நாற்பது நாள் மிச்சமிருந்தது. பையைத் தோளிலிருந்து இறக்காமலே அவள் வாக்கரை இழுத்துப் போட்டு, மாமியாரின் இடுப்பில் கையைக் கொடுத்தாள்.

"எந்திரிங்க. பாத்ரூம் போய்ட்டு வந்தரலாம். பஸ்ஸுக்கு நேரமாகுது."