மூன்றா, இரண்டா

எனக்கு எட்டு வயதான ஆண்டு சாரல் முந்திக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் குற்றாலத்துக்கு மாட்டுவண்டி பூட்டியபோது உம்மாவும் என்னைக் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டாள். வாப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டார்.

ஈரத் தலையோடு தென்காசிக்குத் திரும்பினோம். வாப்பா கதவைச் சாத்தினார். அடி எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. அன்று அடித்து ஓய்ந்தபின் அந்தச் சொல்லையும் சொன்னார். தலாக். நெல் குலுக்கைக்குப் பின்னால் ஒடுங்கியிருந்த நான் எண்ணினேன். மூன்று. எண்ணுவதில் நான் கெட்டிக்காரி என்று பெயர்.

மறுநாள் காலை பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்தார். திரைக்கு இந்தப் பக்கம் உம்மா நின்றாள்; அவள் முந்தானையைப் பிடித்தபடி நான்.

"ரெண்டு தடவைதான் சொன்னேன்" என்றார் வாப்பா.

"மூணு" என்றாள் உம்மா.

ஹஜ்ரத் பொறுமையாக விளக்கினார். இரண்டென்றால், இத்தா என்கிற காத்திருப்பு முடிவதற்குள் வாப்பா அவளை மீட்டுக்கொள்ளலாம். மூன்றென்றால் உறவு அறுந்தது. அவள் வேறொருவரை நிக்காஹ் செய்து வாழ்ந்து, அவரும் தானாக விலக்கினாலோ இறந்தாலோ ஒழிய இவருக்கு மறுபடி மனைவியாக முடியாது.

வேறொருவர். முகம் தெரியாத ஓர் ஆள் உம்மாவைக் கூட்டிப்போவான். இந்த வீட்டில் வாப்பாவும் நானும் மட்டும் இருப்போம்.

"வேற யாரு கேட்டா?" என்றார் ஹஜ்ரத்.

"புள்ள கேட்டா."

"சின்னப்புள்ள சாட்சி செல்லாது. இருந்தாலும் சொல்லும்மா, பயப்படாத. வாப்பா எத்தனை தடவை சொன்னாவ?"

திரைக்கு அடியில் வாப்பாவின் பாதங்கள் தெரிந்தன. உம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு வெடித்து வீங்கியிருந்தது.

"ரெண்டு" என்றேன்.

உம்மா என்மேலிருந்து பார்வையை எடுத்தாள். பிறகு, "புள்ள சொல்லுததே இருக்கட்டும்" என்றாள்.

வாப்பா சத்தியம் செய்தார், மீட்டுக்கொண்டதாகவும் சொன்னார். "இன்னும் ஒரு தடவை வாயில வந்தா அதோட முடிஞ்சுது, பாத்துக்கிடும்" என்று எச்சரித்துவிட்டு ஹஜ்ரத் எழுந்தார்.

நான் உம்மாவைக் கட்டிக்கொண்டேன். அவள் என்னை விலக்கவில்லை, அணைக்கவுமில்லை.

அதன்பின் பதினெட்டு வருஷம் வாழ்ந்து அந்த வீட்டிலேயே மவுத்தானாள். வாப்பா அந்தச் சொல்லை மறுபடி வாயில் எடுக்கவே இல்லை. கையை மட்டும் நிறுத்தவில்லை.

உம்மாவைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தேன். அன்று 'மூணு' என்று சொன்னபோது அவள் குரல் ஏன் அத்தனை தெளிவாக இருந்தது என்பது எட்டு வயதில் எனக்கு விளங்கவில்லை.