ஊசி துள்ளும் இடம்

எங்கள் அப்பாவின் நினைவாக அச்சிட்ட இந்த மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, முதலில் ஒரு விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் பாதிப் பேர் அந்த ஆங்கிலப் பாட்டை இன்றைக்கும் பிழையாகத்தான் பாடுகிறீர்கள். அதற்குக் காரணம் அப்பா.

அப்பா கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். துறைமுகத்தில் எழுத்தராக இருந்த தகப்பனாரை இளவயதிலேயே இழந்தார். வானொலிப் பெட்டி திருத்தப் பழகித் தங்கைமார் இருவரையும் கரைசேர்த்தார். அம்மாவைக் கைப்பிடித்த பிறகு வெள்ளவத்தையில், கசற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையொன்றைத் திறந்தார். கடைக்குப் பின்னால் வீடு. அவருக்குப் பிடித்தது நாதஸ்வரம். ஆனால் எங்களுக்குச் சோறு போட்டது ஓர் ஆங்கில ரொக் இசைக்குழு. அந்தக் குழுவின் எட்டு இசைத்தட்டுகளையும் கப்பல் மாலுமி ஒருவரிடம் வாங்கியிருந்தார். குழுவில் இருந்த நால்வரும் அப்போதே சண்டை பிடித்துப் பிரிந்துவிட்டார்கள்.

“பிரிஞ்ச ஆக்களின்ர பாட்டை இனி ஆர் கேக்கப்போகினம்?” என்று அம்மா கேட்டாராம். கிழமைக்குக் கிழமை ஆட்கள் வந்து கேட்டார்கள்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், தமிழர் வீடுகளைத் தேடி எங்கள் ஒழுங்கைக்குள்ளும் கூட்டம் வந்தது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பின்வீட்டுச் சிங்கள நோனாவிடம் ஓடினார். “அலுமாரிக்குள்ள நகைப்பெட்டி, எடுத்துக்கொண்டு வாங்கோ” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் ஓடினார். அப்பா பின்மதிலால் குதித்து விழுந்து எழும்பி வந்தார். கையில் படுக்கை விரிப்பால் சுற்றிய எட்டு இசைத்தட்டுகள். நகைப்பெட்டி இல்லை.

“நகையை ஒருக்காத்தான் விக்கலாம். இதை ஒவ்வொரு நாளும் விக்கலாம்” என்றார் அப்பா.

அகதி முகாமில் இருந்த அத்தனை நாளும் அம்மா அவரோடு கதைக்கவேயில்லை. சீதனமாக வந்த நகை மட்டுமல்ல, அம்மம்மாவின் அட்டியலும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. அம்மாவின் கோபத்தில் நியாயம் இருந்தது என்றுதான் நான் இன்றும் சொல்வேன்.

திரும்பி வந்தபோது கடையும் வீடும் எரிந்து கிடந்தன. தையற்கடை ஒன்றின் முன்பக்கத்தை வாடகைக்கு எடுத்து, இரவல் இயந்திரங்களோடு அப்பா மறுபடி தொடங்கினார். மதிலால் விழுந்ததில் மூன்றாவது தட்டில் கீறல் விழுந்திருந்தது. ஒரு பாட்டின் நடுவில் ஊசி துள்ளி, ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடும். வேறு தட்டு வாங்க வசதியில்லை. அப்படியே பதிந்து கொடுத்தார். அந்தக் கசற்றுகள் ஹெவ்லொக் டவுனுக்கும் மட்டக்குளிக்கும் போயின, வெளிநாடு போன பிள்ளைகளின் பெட்டிகளில் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போயின. சோதனைச் சாவடியில் அப்பாவின் பையைக் கிளறிய சிப்பாய் ஒருவரும், தனக்கும் ஒன்று வேண்டுமென்று மறுநாள் கடைக்கு வந்து நின்றார். அண்ணன்மார் கேட்டு முடிய, அவர்களின் தம்பிமார் வந்தார்கள். என் பள்ளிக்கூடச் செலவு, கூரைத் தகடு, எல்லாம் அந்த எட்டுத் தட்டுகளின் உழைப்பு. ஒரு தீபாவளிக்கு அம்மாவுக்கு இரண்டு காப்பும் வாங்கி வந்தார்.

“வடிவாத்தான் இருக்கு. ஆனா இது அந்தக் காப்பில்லை” என்றார் அம்மா.

நான் லண்டனுக்கு வந்தபின், அதே எட்டும் சீடிகளாக ஒரு புதுப் பெட்டியில் விற்பனைக்கு வந்திருப்பதைத் தொலைபேசியில் சொன்னேன்.

“பழைய பாட்டுக்குப் புதுப் பெட்டியோ? கெட்டிக்காரங்கள்” என்று சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. “ஒண்டு வாங்கு பிள்ளை. கடையில காசு குடுத்து வாங்கு. பதிஞ்ச கொப்பி வேண்டாம்.”

“நீங்களோ அப்பா இதைச் சொல்றீங்கள்?”

“நான்தானே சொல்லவேணும்.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரிக்க விடவில்லை. “கேக்கிறதுக்கு வாங்கேல்லை” என்று சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நெஞ்சுநோவோடு கிடந்த கடைசி நாட்களிலும் அது அங்கேயே இருந்தது.

அன்று கதவு திறந்த நோனாவின் குடும்பத்தாருக்கும், வாடகைக்குக் கெடு வைக்காத தையற்கடை ஐயாவுக்கும், இத்தனை சோதனைச் சாவடிகளைத் தாண்டி இறுதிக் கிரியைக்கு வந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. எங்களை அறியாமலே எங்களை வளர்த்த அந்த நால்வருக்கும் நன்றி.

எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் அம்மா தானே அந்தப் பெட்டியைப் பிரித்தார். “மூண்டாவதைப் போடு” என்றார். போட்டேன். அம்மா குசினிக்குள் சமைத்தபடி இருபது வருடமாகக் கேட்ட பாட்டு. ஊசி துள்ளும் இடத்தில் அம்மா தலையை நிமிர்த்தினார். துள்ளவில்லை. எங்கள் வீட்டில் ஒருநாளும் கேட்டிராத ஒரு வரி வந்து போனது.

“பிழையாப் பாடுறாங்கள்” என்றார் அம்மா. “நிப்பாட்டு. அப்பான்ர தட்டைப் போடு.”

போட்டேன். துள்ளியது. அம்மா கூடவே துள்ளிப் பாடினார்.