அர்த்தநாரியின் நேர்க்கோடு

தட்டில் விழும் தோசையை அர்த்தநாரி முதலில் நடுவில் மடிப்பார். இரண்டு ஓரமும் பொருந்தினால்தான் சட்னிப் பக்கம் கை போகும். பொருந்தாவிட்டால் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் அந்தப் பார்வை இருக்கிறதே, அது போதும். "திங்கற தோசைக்கும் அளவுச் சீட்டு கொண்டாரட்டுங்களா?" என்று மனைவி மருதாள் ஒருநாள் கேட்டதை அவரே கம்பெனியில் ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் செக்கிங் சூப்பர்வைசர். கழுத்தில் எப்போதும் இஞ்சு டேப். இடது முன்கையில் வரிசையாக ஒட்டிவைத்த சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள். பனியனில் தையல் விட்டிருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஓர் அம்பு. நூல் தொங்கினால் ஓர் அம்பு. அம்பு விழுந்த உருப்படி தைத்தவரிடமே திரும்பிப் போகும். ஊரான் தப்பைக் காட்டியே சோறு தின்கிற ஜென்மம் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். வீட்டுக்கு வரும்போதும் நாலைந்து அம்புகள் கையில் மிச்சமிருக்கும். அவற்றோடுதான் சாப்பிட உட்காருவார்.

இப்படிப்பட்டவரிடம் எலக்ட்ரிக் கிட்டார் எப்படி வந்தது என்று கேட்டால், மிக்ஸி வாங்கப் போனதுதான் காரணம் என்பார். 2003 தீபாவளிக்கு முன்னால் மிக்ஸிக்கென்று கோயமுத்தூர் பஸ் ஏறியவர், தோளில் கிட்டாரோடு வீடிருக்கும் வேலம்பாளையத்தில் வந்து இறங்கினார். உறையைப் பிரித்ததும் அவர் கண்ணில் முதலில் பட்டது ஒரு தப்பு. கம்பிகளின் அடிப்பக்கத்தில், ஒவ்வொரு கம்பியும் ஏறி உட்காரும் ஆறு சின்ன இரும்புத் துண்டுகள் ஒரே வரிசையில் இல்லை. ஒன்று முன்னே, ஒன்று பின்னே. செய்த இடத்தில் செக்கிங்கே கிடையாது போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். டேப்பை வைத்து, ஆறு துண்டுகளையும் மயிரிழை பிசகாமல் நேராக நிறுத்திய பிறகுதான் முதல் கம்பியையே தட்டிப் பார்த்தார். அன்றைக்கு அவருக்கு இருந்த பெருமையை இன்றைக்கு நினைத்தாலும் அவருக்கே காது சுடுகிறது.

மருதாள் அதே கம்பெனியில் துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். மெஷின் இரைச்சலுக்கு மேலே கேட்கும் குரல் அவளுக்கு. அடுத்த வருடம் கம்பெனி ஆயுத பூஜைக்கு அவள் பாட, இவர் வாசிக்க ஏற்பாடாயிற்று. சுருதி பார்க்கும் குட்டி மீட்டரை வைத்து, முள் நடுவில் வந்து நிற்கும்வரை ஒவ்வொரு கம்பியாக முறுக்கிக்கொண்டுதான் மேடை ஏறினார். பாட்டு கீழே இருந்தவரை ஒரு குறையும் இல்லை. மேலே ஏறியதும் குரலும் கம்பியும் ஒன்றோடொன்று உரசின. அர்த்தநாரி வாசிப்பை நிறுத்தினார். பக்கத்திலேயே மைக் இருந்தது.

"மருதா, மேல போனா சுருதி வெலகுது. கெவனிச்சுப் பாடு."

இருநூறு பேர் கேட்டார்கள். மருதாள் மைக்கைப் பொரித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அதோடு அவள் பாடுவது நின்றது. மேடையில் மட்டுமில்லை, மெஷினில் உட்கார்ந்தும் பாடவில்லை, துணி துவைக்கும்போதும் பாடவில்லை. இரண்டு வருடம். அந்த வீட்டில் இருக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு வார்த்தை சமாதானமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் மீட்டர் தன் பக்கம் இருக்கிறதே என்ற வீம்பு விடவில்லை. மீட்டரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காததுதான் பாக்கி.

2006 ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு கம்பி அறுந்தது. கோயமுத்தூரில் கிட்டார் பழுது பார்க்கும் மூக்கையாவிடம் கொண்டுபோனார். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். புதுக் கம்பி போட்டு, மீட்டரில் முள்ளை நடுவில் நிறுத்தினார். பிறகு அதே கம்பியைக் கிட்டார் கழுத்தில் பன்னிரண்டாவது கட்டத்தில் அழுத்தித் தட்டினார். அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே வர வேண்டிய இடம் அது. முள் நடுவைத் தாண்டி, சுருதி கூடிப்போனதைக் காட்டும் வலது பக்கம் ஓடியது. மற்ற கம்பிகளும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

"ஒவ்வொரு கம்பிக்கும் கனம் வேற அண்ணாச்சி. அதுக்குத் தக்கன இந்தத் துண்டு முன்ன பின்ன நிக்கணும். கோணலா நின்னாத்தான் சரி. இத யாரு வரிசையா நிப்பாட்டுனது?"

"வாங்கறப்பவே அப்படித்தானுங்க இருந்துச்சு" என்றார் அர்த்தநாரி.

மூக்கையாவின் பார்வை அவர் கழுத்தில் கிடந்த டேப்பில் போய் நின்றது. ஒவ்வொரு துண்டாகத் திருகிப் பின்னுக்குத் தள்ளுவதும், மறுபடி சுருதி கூட்டுவதும், பன்னிரண்டாவது கட்டத்தில் பார்ப்பதுமாக ஒரு மணி நேரம் ஆனது. வேலை முடிந்தபோது துண்டுகள் பழைய கோணலுக்கே திரும்பியிருந்தன.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் அர்த்தநாரிக்கு உறைத்தது. அழுத்தாத வெறும் கம்பியை மட்டும் பார்த்துவிட்டு முழு வாத்தியத்தையும் பாஸ் பண்ணியிருக்கிறார். கழுத்தளவை மட்டும் பார்த்துப் பனியனைப் பாஸ் பண்ணுகிற செக்கரை அவரே வேலையை விட்டுத் துரத்தியிருப்பார். மேலே போனபோது விலகியது அவருடைய கம்பி. மருதாள் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றிருக்கிறாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்று சொன்னார்: "தப்பு எம்பட கிட்டாருலதான் மருதா. நீ சரியாத்தான் பாடியிருக்கற."

மருதாள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "மைக்குல சொன்னத இப்ப அடுப்படியில வந்து சொல்றீங்களாக்கு?"

ஆயுத பூஜையன்று மெஷின்களுக்குச் சந்தனம் வைத்து முடிந்ததும் அர்த்தநாரி கிட்டாரோடு மேடை ஏறினார். பூஜை நாளிலும் கையில் அம்புகள் இருந்தன. மைக்கைப் பிடித்தார். "ரெண்டு வருசத்துக்கு முந்தி இங்க சுருதி வெலகுனது மருதா இல்லீங்க. நானுங்க. கோணலா இருக்க வேண்டியதையெல்லாம் டேப்பு வெச்சு நேராக்கிப் போட்டனுங்க." செக்கிங் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லோருமே சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கண் மட்டும் மருதாள் உட்கார்ந்திருந்த ஓவர்லாக் வரிசையிலேயே இருந்தது.

மருதாள் எழுந்து வந்தாள். அவர் முன்கையிலிருந்து ஓர் அம்பைப் பிய்த்து, முனை காதுத் துளையைப் பார்க்கும்படி அவர் மடலில் ஒட்டினாள். பிறகு மைக்கை வாங்கிக்கொண்டாள். மடல் இழுபட்டதிலேயே அம்பு சற்றுக் கோணலாக ஒட்டியிருப்பது அவருக்குத் தெரிந்தது. அதை நேராக்கப் பாதி தூரம் போன கை, அப்படியே இறங்கிக் கம்பிக்கு வந்தது.