சொரசொரப்பாய் ஒரு தடம்

போன வாரம் மகன் கடையில் சிலேட்டுக் கல் லாரியிலிருந்து இறங்கும்போது தூறல் விழுந்தது. கல் நனைந்ததும் ஒரு வாசம் எழுந்தது பாருங்கள். பள்ளிக்கூடச் சிலேட்டை எச்சில் தொட்டு அழித்தால் வருமே, அதே வாசம். அந்தச் சிலேட்டில் நான் ஒன்றும் கிழிக்கவில்லை, மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் தரைக்குப் போடுகிற சிலேட்டில் பாளையங்கோட்டையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானே சொல்லக் கூடாதுதான். வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

அந்த வாசம் என்னை ஒரு கணக்கு வாத்தியார் வீட்டில் கொண்டுபோய் விட்டது. நாங்கள் அவரைச் சார்வாள் என்போம். ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. வீட்டிலோ கண்ணாடி மாதிரிச் சிவப்பு சிமெண்டுத் தரை. ஒரு தடவை வழுக்கி விழுந்தார். அதிலிருந்து அவர் மனைவி, டீச்சரம்மா, கையைப் பிடிக்காமல் ஓர் அடி வைக்க விடுவதில்லை.

சார்வாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "என்ன வே, கட்டில்ல இருந்து வாசல் வரைக்கும் நான் ஒத்தையில நடக்கணும். அதுக்குத் தோதா ஒரு தரை போடுவீரா?"

"டீச்சரம்மா கையப் பிடிச்சு நடந்தா என்ன சார்வாள்?"

"நீரு அப்படி நடப்பீரா?"

நான் தரையை அளக்க ஆரம்பித்தேன்.

யோசனை என்னுடையது. சிலேட்டு ஏடு ஏடாகப் பிளக்கிற கல். பிளந்த முகத்தில் வரிவரியாக ஒரு சொரசொரப்பு இருக்கும், ஈரத்திலும் வழுக்காது. சித்திரை வெயிலிலும் சில்லென்று கிடக்கும். கட்டிலிலிருந்து வாசல் வரை அந்த முகம் மேலே தெரிய ஒரு தடம். தடத்தின் இரண்டு பக்கமும் தேய்த்து வழவழப்பாக்கிய கல். கால் தடம் மாறினால் காலே சொல்லிவிடும்.

ஒரு கல் தடிமனாக இருக்கும், அடுத்தது மெலிசாக இருக்கும். முதலில் தடித்த கல்லை வைத்து மட்டத்துக்கு நூல் கட்டினேன். மெலிசுக்கு அடியில் கலவையைக் கூட்டினேன். ஒவ்வொரு கல்லின் முதுகிலும் சிமெண்டுப் பால் தடவி, பைய மரச்சுத்தியலால் தட்டினேன். சார்வாள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அங்கன பொள்ளலாக் கேக்கே?"

"நானும் கேட்டாச்சு சார்வாள்." அடியில் வெற்றிடம் விட்டு ஒலித்த அந்தக் கல்லைப் பெயர்த்துக் கலவை போட்டு மறுபடி வைத்தேன். எனக்குத்தான் முதலில் கேட்டது, நம்புங்கள்.

தரை காய்ந்ததும் அவர் தடுமாறாமல் நடந்தார். பாதம் எப்படி இதைப் படிக்கிறது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். நானும் கண்ணை மூடி நடந்து பார்த்தேன். சிமெண்டு தின்ற என் காலுக்கு ஒரு வரியும் தெரியவில்லை. பீரோவில் போய் முட்டினேன்.

"பீரோவுக்கு ஒண்ணும் ஆவலையே வே?" என்றார் சார்வாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. அந்தப் பக்கத்து வீடுகளில் பண்டிகைக்கு வெள்ளையடித்து, கல் தரைக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். டீச்சரம்மாவும் ஆசையாகத் தேய்த்துவிட்டார். மறுநாளே எனக்கு ஆள் வந்தது. போனால், சார்வாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

"எல்லாம் ஒண்ணுபோல வழுக்குது வே. வழி எங்கன போச்சு?"

"கை குடுக்கேன்னு சொன்னாலும் வேண்டாங்காவ அண்ணாச்சி. கிறிஸ்துமஸ் ஆராதனைக்குக் கோயிலுக்கு எப்படிப் போவோம்?" டீச்சரம்மா அழுதேவிட்டார்.

மரத்தூளைக் கொட்டி எண்ணெயை உறிஞ்ச வைத்தேன். வெந்நீரும் சோப்புத்தூளுமாகத் தேய்த்துக் கழுவினோம். சார்வாள் காலைக் கீழே வைத்து விரல்களை அசைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து நடந்தார். டீச்சரம்மா பழக்கத்தில் கையை நீட்டி, அவர் கடந்து போனதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

சார்வாள் காலமான பிறகு ஒருநாள் அங்கே போனேன். டீச்சரம்மா காப்பி கொண்டுவந்தார். கூடம் முழுக்க வழவழவென்று விரிந்து கிடக்க, அந்தச் சொரசொரப்பு மேலேயே வந்தார், அதன் மேலேயே திரும்பிப் போனார். கண் நன்றாகத் தெரிகிறவர்.

அவரும் போன பின் வீட்டை விற்றுவிட்டார்கள். இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். அதற்குள் இயந்திரம் எல்லாவற்றையும் வாரிக் குவித்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று, அந்தத் தடத்துக் கல்லைக் காலால் தடவித் தேடினேன். உடைந்த பிறகு எல்லாக் கல்லும் சொரசொரப்பாகத்தான் இருந்தது.