டிம் பல்பு வேண்டாம் என்றேன்

நான் பொய் சொன்னேன். "ஆமாம்" என்ற ஒரே சொல்தான். அதனால் என் மனைவியின் தம்பி சேவியர், சங்கராபுரத்தில் நல்ல எலெக்ட்ரீஷியன் என்று பெயரெடுத்தவன், செய்யாத தவறுக்குக் கேலி வாங்கிக்கொண்டிருக்கிறான். மூன்றாவது கிறிஸ்துமஸும் வரப்போகிறது... முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன்.

தியாகதுருகம் கோட்டையைப் பற்றியோ எலவனாசூர்கோட்டைக் கோயிலைப் பற்றியோ யாராவது வருஷத்தைத் தவறாகச் சொன்னால், கல்யாணப் பந்தியில்கூட இலையை விட்டு நிமிர்ந்து திருத்துகிறவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு சொல்லில் விழுந்தேன்!

எங்கள் கூடத்துக்குச் சரவிளக்கு வாங்கினோம். வளைந்த பித்தளைக் கைகள், கண்ணாடி மணிகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு பல்பு. ஃபேன் ரெகுலேட்டர் போலச் சுவரில் ஒரு திருகு வைத்தான் சேவியர். ஜெபத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம், விருந்துக்குக் கூட்டிக்கொள்ளலாம், கரண்ட்டும் மிச்சம். அதற்கேற்ற எல்இடி பல்புகளைக் கேட்டு வாங்கச் சொன்னான்.

கடைக்காரர் ஒரு பெட்டியை நீட்டி, டிம்மபிள் பல்பு என்றார்.

டிம்! எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? கரண்ட் டிம்மா வருது, மோட்டார் ஓடாது, மிக்ஸி போடாதே... பிறந்தது முதல் நாங்கள் திட்டித் தீர்த்த சொல் அது. விற்காத சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். டிம் பல்பெல்லாம் வேண்டாம், பளிச்சென்று எரிவதாகக் கொடுங்கள் என்றேன். அவர் விளக்க வந்தார். நான் காது கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து நானே மாட்டினேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக்காலத்து முதல் சனிக்கிழமை. நாள் எனக்கு மறக்காது. அன்று மாலை தியாகதுருகத்திலிருந்து பெண் வீட்டார் பெண்ணையும் அழைத்துக்கொண்டு சேவியரைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. மதியம் அவன் திருகைத் திருப்பினான். வெளிச்சம் குறையவில்லை... படபடவென்று இமைத்தது.

"மாமா, டிம்மபிள் பல்புதான வாங்கினீங்க?"

திருகுக்கு ஏற்ற பல்பைத்தான் கடைக்காரர் நீட்டியிருக்கிறார் என்று அந்தக் கணத்தில் எனக்கு விளங்கிவிட்டது. என் வாய் என்ன சொன்னது? "ஆமாம்!"

என்னை நம்பினான். சுவர்ப்பெட்டியைக் கழற்றி, லூசான ஒயரைத் தேடிக்கொண்டே இருந்தான். புதுச் சட்டையை அவர்கள் வாசலுக்கு வந்த பிறகுதான் மாட்டினான்.

விளக்கு அவர்கள் முன்னாலும் இமைத்தது. பெண்ணின் அப்பா அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாங்க, ஒங்க வூட்டு லைட்டு எங்க பொண்ணப் பாத்து கண்ணடிக்குது? யார் வேலைங்க இது?"

தன் வேலைதான் என்றான் சேவியர். இந்தச் சம்பந்தம் இங்கேயே முறிந்துவிடுமோ என்று என் மனைவி என்னைப் பார்த்தாள். நானோ காபி டம்ளரைப் பார்த்தேன்...

அப்போது அந்தப் பெண் ரெஜினா சொன்னாள்: "லைட்டுக்காவது தைரியம் கீதுப்பா. அவுரு இன்னும் நிமுந்தே பாக்கல."

கூடம் குலுங்கச் சிரித்தது! சேவியர் நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் பார்வையைத் திருப்பவே இல்லை. அன்றே பேசி முடித்தார்கள். அத்தனை மகிழ்ச்சியான மாலையை எங்கள் வீடு அதற்கு முன் கண்டதில்லை.

மறுநாள் எல்லாரும் பூசைக்குப் போயிருந்தபோது, சரியான பல்புகளை வாங்கி வந்து மாற்றினேன். அன்று மாலை சேவியர் வந்து ஒவ்வொரு ஒயரையும் மறுபடி கழற்றி முடுக்கினான். விளக்கு மெல்ல அடங்கியது, மெல்ல எழுந்தது. தன் தவறுதான் என்று நம்பிவிட்டான்.

மாமனார் வீட்டில் அவனுக்குப் பெயர் 'கண்ணடி மாப்ள'. அவனும் சேர்ந்துதான் சிரிக்கிறான். பிறகென்ன கெட்டுவிட்டது என்று கேட்கிறீர்களா? நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்...

போன மாதம் கல்வராயன் மலையில் ஒரு புதுமனைக்கு விளக்கு மாட்டப் போனான். துணைக்கு நானும் போனேன். வேலை முடிந்த பின்னும் ஒவ்வொரு இணைப்பையும் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தான். இன்னும் எத்தனை தரமடா என்றேன்.

"ஒங்க வூட்டுல லூசா வுட்டுட்டன் இல்ல மாமா... அதுலருந்து ஒரு தரம் பாத்தா மனசு கேக்கல."

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன? சிரிப்பான், அவ்வளவுதானே! அது தெரிந்தும் கீழே கிடந்த ஒயர்த் துண்டுகளைப் பொறுக்கப் போனேன்.

திருகைத் திருப்பினான். வெளிச்சம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. வீட்டுக்காரர்கள் கைதட்டினார்கள், எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவன் நான். அவன் முகமெல்லாம் பல்.

"பாருங்க மாமா, ஒண்ணுகூட கண்ணடிக்கல."

எப்படி அடிக்கும்... அந்தப் பல்புகளை வாங்கியவன் அவன்.